கிழக்கு பார்த்த மீன்கள்

மீன்கள் எல்லாம் கிழக்கே பார்த்து நின்றன.

நின்றன என்றால் நின்றனதான். மேயவில்லை, வட்டமடிக்கவில்லை, ஒன்றையொன்று துரத்தவில்லை. காலை வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. குளத்துத் தண்ணீர் எண்ணெய் தடவி வாரிய தலைபோல அசங்காமல் கிடந்தது. அதற்குள் முழ நீளத்துக்கு வளர்ந்த பால்மீன்கள், ரேஷன் கடை திறப்பதற்காகக் காத்திருக்கிற ஜனங்களைப்போல, தலைக்குப் பின்னால் தலையாக வரிசை கட்டி நின்றன. எல்லா வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.

ஓடுகிற தண்ணீரில் மீன் எதிர்த்து நிற்கும். மதகு சாத்தியிருக்கிறது, தண்ணீர் ஓடவில்லை; அப்படியானால் இவை எதை எதிர்த்து நிற்கின்றன? தங்கசாமி கையைத் தட்டிப் பார்த்தார். ஒரு துடுப்பும் அசையவில்லை. மேற்குக் கரைக்கு நடந்தார். வால்கள். சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்தார். வாய்கள்.

"வாடைக்காத்தோட விளைவு" என்று சத்தமாகச் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் காற்றே இல்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. ஆனாலும் ஒரு அதிகாரி காரணம் சொல்லாமல் நகரக்கூடாது.

அதிகாரி என்றால் சாதாரண அதிகாரி அல்ல. உச்சிப்புளிக்கும் பாம்பனுக்கும் நடுவே, உவர் மண்ணும் உடைமரமுமாகக் கிடந்த பொட்டலில், அரசாங்கம் வெட்டிக்கொடுத்த மூன்று குளங்களுக்கும் அவர்தான் ராஜா. 'கடலோர உவர்நீர் மீன் வளர்ப்பு அபிவிருத்தித் திட்டச் சிறப்பு அதிகாரி' என்ற பட்டத்தை முழுசாக எழுதவேண்டும் என்பதற்காகவே பண்ணை வாசலில் இரண்டு பலகைகளை ஒட்டுப்போட்டிருந்தார்கள். புயலில் ஒரு பலகை போய்விட்டது. இப்போது வெறும் 'கடலோர உவர்நீர் மீன் வளர்ப்பு அபிவிருத்தி' மட்டும் மிச்சம். 'அதிகாரி' கடலோடு போனது அவருக்குத் தீராத மனக்குறை.

அந்தப் புயலில் பலகை மட்டுமா போனது? மார்கழி ராத்திரி ஒன்றில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. ஸ்டேஷன், கோயில், சர்ச்சு, கடைத்தெரு, ரயிலோடு ரயிலில் இருந்தவர்கள், வலையோடு வலைக்காரர்கள். எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கணக்கில் வராதவர்கள் மணலுக்கடியில் கிடந்தார்கள். வருஷம் ஒன்று கடந்துவிட்டது. அனுதாபத் தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறி முடிந்திருந்தன.

பண்ணைக்கு அந்தப் புயலால் நேர்ந்த கஷ்டம் வேறு மாதிரி. மதராஸிலிருந்து தகர டப்பாவில் வந்துகொண்டிருந்த மஞ்சள் நிற மருந்துத் தூள் நின்றுபோனது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து, சுறா எண்ணெய் விட்டு, இந்தத் தூளை ஒரு கை கலந்து போட்டால் மீன் மளமளவென்று வளரும், நோய் நொடி அண்டாது என்பது ஏற்பாடு. 'வளர்ச்சியும் எதிர்ப்பு சக்தியும்' என்ற தலைப்பில் தங்கசாமி ரோட்டரி சங்கத்தில்கூடப் பேசியிருக்கிறார். தூள் இல்லாமல் மீன்கள் செதில் உதிர்ந்து, வயிறு வெளுத்து மிதக்க ஆரம்பித்தன. மேலிடத்துக்கு எழுதினார். உள்ளூரில் கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கவும் என்று பதில் வந்தது.

உள்ளூரில் கிடைத்தது எலும்பு.

சாயல்குடி ராக்கப்பன் எலும்பு காண்ட்ராக்டர். ஆள் வைத்துப் பொறுக்கி, மில்லில் அரைத்து, உரத்துக்கு அனுப்புகிறவன். பாதி அரைத்தும் அரைக்காமலும் ஒரு லோடு கொண்டுவந்து பண்ணைக் கொட்டகையில் இறக்கினான். வெளேரென்று, மாவுபோல, இடையிடையே நொறுங்காத துண்டுகளோடு.

"மாட்டெலும்புதானப்பா?"

"கெழக்க மணல்ல கெடந்ததுங்கய்யா. மாடு, ஆடு, கழுத, எல்லாந்தான் செத்துச்சு. எலும்புக்கு ஏதுங்க சாதி?"

தங்கசாமிக்கு அந்தக் கடைசி வரி பிடித்துப்போனது. அடுத்த கூட்டத்தில் தன் சொந்தச் சரக்காகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். முதல் வரியை மறுபடி விசாரிக்கவில்லை.

மீன்கள் பிழைத்தன. பிழைத்ததோடு நிற்கவில்லை. மருந்துத் தூளில் ஆறு மாதம் பிடித்த வளர்ச்சி எலும்புத் தூளில் இரண்டே மாதத்தில் வந்தது. செதில் வெள்ளித் தாம்பாளம் மாதிரி மின்னியது. செத்து மிதக்கிற மீன் என்று ஒன்றுகூட இல்லை. பிடித்துக் கூடையில் போட்டால் உச்சிவெயில்வரை உயிரோடு கிடந்தது. துள்ளவில்லை. வாய் திறந்து, சும்மா கிடந்தது.

எதிர்ப்பு சக்தி என்று மேலிடத்துக்கு எழுதினார். அந்தச் சொல்லை எழுதும்போது அவர் நினைத்தது மீனை அல்ல, மகளை.

அதைச் சொல்லாவிட்டால் மனுஷனைப் பற்றித் தப்பாக நினைக்கத் தோன்றும். தங்கசாமிக்கும் ராமலெட்சுமிக்கும் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று கக்குவானில் போனது, இன்னொன்று பேர் தெரியாத காய்ச்சலில். மூன்றாவது சேதுலட்சுமி. ஏழு வயசு, குச்சி உடம்பு, பிறவியிலேயே இளைப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் துருத்தி ஊதுகிற சத்தம் வீடெல்லாம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தங்கசாமி தூங்குவார். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார். வெளியே எவ்வளவு பட்டம் இருந்தாலும் வீட்டுக்குள் அவர் ஒரு இளைப்புக்குக் காவல் கிடந்த ஆள்.

பண்ணை மீனைத் தினமும் கொடுத்துப் பார்த்தார். மாசம் ஒன்று ஆவதற்குள் கன்னம் திரண்டது, இளைப்பு குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. ராமலெட்சுமி ராமநாத சுவாமிக்கு நேர்ந்துகொண்டாள். தங்கசாமி தன்னையே மெச்சிக்கொண்டார்.

பெற்ற மகளுக்கு நல்லது ஊர்ப் பிள்ளைகளுக்கும் நல்லதுதானே? பக்கத்துப் பள்ளிக்கூடத்து மதிய உணவுக்குத் தினமும் ஒரு கூடை மீன் அனுப்ப உத்தரவு போட்டார். மீன்கள் கிழக்கே பார்த்து நின்ற அன்றைக்கு ஹெட்மாஸ்டர் ஹமீது சுல்தான் நன்றி சொல்ல நேரிலேயே வந்தார். தந்தியைக்கூடச் செந்தமிழில் அடிக்கிற மனிதர் அவர்.

"அதிகாரி அவர்களே, சளி இல்லை, இருமல் இல்லை, வருகைப் பதிவில் ஒரு விடுப்பு இல்லை! மாணாக்கர்கள் மதர்த்து நிற்கிறார்கள். அமைதியோ அமைதி. வகுப்பில் ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும்."

"கிள்ளுறது, கத்துறது, ஓடுறது?"

"அறவே இல்லை. எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்."

"ஜன்னல் எந்தப் பக்கம் சார்?"

"கிழக்கு" என்றார் ஹெட்மாஸ்டர், நல்ல காற்றோட்டத்தைப் பாராட்டுகிற குரலில்.

தங்கசாமி குளத்தைத் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே காப்பி வரவழைத்தார்.

மந்திரி வருவதாகச் செய்தி வந்த வாரம் அது. குளம் பார்க்க வருகிறார், மீன் விருந்து சாப்பிடுகிறார், பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுகிறார்கள். பலகைக்குப் புது மரம் வந்தது. 'சிறப்பு' என்ற சொல்லுக்கு மட்டும் தங்கசாமி தங்க வர்ணம் கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனார். உலகம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தித் தீவனம் பிசைந்துகொண்டிருந்தாள். புண்ணாக்கு வாடையும் சுறா எண்ணெயின் குமட்டலும் வழக்கம்போல அடித்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நனைந்த நிலக்கரி. ரயில் எஞ்சின் மழையில் நிற்கும்போது வருமே, அது. ரயில் பாதை அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்கும் மேலே.

உலகம்மாளின் புருஷன் புயலுக்கு முந்தின நாள் வலையோடு தனுஷ்கோடிக்குப் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்குத் தாலி அறுக்கலாமா கூடாதா என்று ஊர் இன்னும் முடிவு கட்டவில்லை. அவள் பாட்டுக்கு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

தங்கசாமி சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அள்ளியதில் நொறுங்காத துண்டு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தார்.

பல்.

சின்னதாக, தட்டையாக, அடிப்பகுதி மஞ்சளித்து இருந்தது. மேலே வருஷக் கணக்கில் ஏறிய வெற்றிலைக் காவி.

எந்த மாடு வெற்றிலை போடும்?

"என்னய்யா அது கையில?" உலகம்மாள் நிமிர்ந்து சிரித்தாள். காவி ஏறிய பல்லெல்லாம் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. கல்லு."

"அந்த ராக்கப்பய கல்லையுங் கலந்து எடை கூட்டுறான் பாருங்க. வெளங்குவானா? தூக்கி வெளிய எறிங்க. மீனு வாயில சிக்கிரப்போவுது."

வெளியே எறிந்திருக்கலாம். கையில் வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாக்குகளைக் கட்டி, ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு, மீன் கொடுப்பதை அந்த நிமிஷமே நிறுத்தியிருக்கலாம். தங்கசாமி நின்றார். விருந்துக்கு நாலு நாள் இருந்தது. மகளுக்கு இளைப்பு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. தீவனத்தை நிறுத்தினால் அந்தத் துருத்திச் சத்தம் திரும்பி வரும். அதற்குப் பிறகு ஒரு நாள் அந்தச் சத்தமும் நின்றுபோகும், முந்தின இரண்டுக்கும் நின்றதுபோல.

கொட்டகை மூலையில் இருந்த கல் உரலுக்குப் போனார். பல்லைப் போட்டார். உலக்கையை அவரே எடுத்து, அவரே இடித்தார். அதிகாரி உலக்கை பிடித்ததைப் பார்த்து உலகம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். இடித்ததை அவளுடைய தொட்டியிலேயே கொட்டினார். அவள் சிரித்துக்கொண்டே பிசைந்தாள்.

மறுநாள் மத்தியானம். வெயில் ஓட்டுக்கு மேலே வெள்ளையாக எரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து சாய்ந்த தங்கசாமிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் இரண்டு மாதமாக அவருக்குத் தாலாட்டு. இன்று அது காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல அடைத்தது. உள் அறையில் சேது படுத்திருந்தாள். பனங்கயிற்றுக் கட்டில், தலைமாட்டில் மண்கூஜா, ஜன்னல் கம்பியின் நிழல் அவள் பாவாடையில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிழக்குச் சுவர்.

குனிந்து கேட்டார். இளைப்பு இல்லை. நல்லது. இன்னும் குனிந்தார். மூச்சும் கேட்கவில்லை.

விரலை மூக்கடியில் வைத்தார். எதுவும் படவில்லை. நெஞ்சைப் பார்த்தார். ஏறவில்லை, இறங்கவில்லை. உடம்பு மட்டும் கதகதப்பாக, கன்னம் செழிப்பாக, உதடு ரோஜா நிறத்தில் லேசாகத் திறந்திருந்தது. அந்தத் திறப்பிலிருந்து வந்தது வாடை. நனைந்த கரி. பாசி. நாள்பட்ட மணல்.

"சேது."

கண் திறந்தாள். "என்னய்யா?" என்றாள், தெளிவாக.

"மூச்சு விடு தாயி."

அவர் என்ன கேட்கிறார் என்று யோசிப்பவள்போல அவரைப் பார்த்தாள். மரியாதைக்காக ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுக் காண்பித்தாள். பிறகு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கசாமி கட்டிலை மெதுவாகத் தூக்கித் திருப்பிப் போட்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கயிறு கிரீச்சிட்டது. பார்த்தார். கிழக்குப் பக்கம்.

கதவருகே ராமலெட்சுமி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். "ஒரு வாரமா ராவெல்லாம் பக்கத்துலயே உக்காந்து பாக்குறேன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோங்க. இன்னைக்கே. மூணு மணி வண்டி இருக்கு."

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவ? பிள்ள நல்லா இருக்கான்னா?"

"ரெண்டக் குடுத்தாச்சுங்க. இதையும் குடுக்க மாட்டேன்."

"அவ தங்கணும்னுதான நானும் பாக்குறேன்?"

"அப்ப வாங்க, போவோம்."

தங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெள்ளிக்கிழம மந்திரி வாரார். மொத வரிசையில நம்ம பிள்ளதான் நிக்கணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்காரு. அதிகாரி மக இல்லாம பாட்டா? முடிஞ்சதும் ராத்திரி ரயிலுக்கே போயிருவோம். மூணு நாளுல என்ன ஆயிரப்போவுது?"

ராமலெட்சுமி அவரைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைச் சாவு பார்த்த கண் அது. அதில் இப்போது இருந்தது துக்கமில்லை, அருவருப்பு. உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. குளத்தங்கரையில் பந்தல். தென்னங்குருத்துத் தோரணம், ஒலிபெருக்கி, கலர் காகிதம், புதுப் பலகையில் தங்க வர்ணச் 'சிறப்பு'. மந்திரி விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, மாலை வெயிலில் மாலையும் கழுத்துமாக வந்து உட்கார்ந்தார். பாரத நாட்டின் எதிர்காலம் மீனின் எலும்பில் இருக்கிறது என்று பேசினார். எலும்புக்கு ஏது சாதி என்ற வரியைத் தங்கசாமி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்; அதற்குப் பலத்த கைதட்டு. பின்வரிசையில் நின்ற உலகம்மாளும் தட்டினாள்.

"அடுத்து, நம் மாணாக்கச் செல்வங்கள் தேன்குரலால் வரவேற்பு இசைப்பார்கள்!" என்றார் ஹமீது சுல்தான்.

பிள்ளைகள் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடையும் டிராயரும், எண்ணெய் வழிய வாரிய தலைகள். முதல் வரிசை நடுவில் சேது. மேடை மேற்கே இருந்தது. மந்திரியைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் கையைத் தூக்கினார்.

பிள்ளைகள் திரும்பினார்கள். எல்லாரும், ஒரே அசைவில். மந்திரிக்கு முதுகு காட்டி, குளத்தைப் பார்த்து, குளத்துக்கு அப்பால் கிழக்கே.

"ஏலே, இங்கிட்டுப் பாருங்கலே!" செந்தமிழ் போய்விட்டது ஹெட்மாஸ்டருக்கு.

குளத்தில் சலசலப்பில்லை. தண்ணீருக்கு மேலே தூக்கிய வாய்கள் தெரிந்தன. வரிசையாக. நூற்றுக்கணக்கில். கரையில் நின்ற பிள்ளைகளும் வாயைத் திறந்தார்கள்.

பாட்டு வரவில்லை.

தண்ணீர் வந்தது.

முதலில் சேதுவின் மோவாயில் ஒரு கோடு. பிறகு பக்கத்துப் பையன். பிறகு எல்லாரும். இருமவில்லை, ஓங்கரிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டதுபோல, தெளிந்த தண்ணீர், திறந்த வாயிலிருந்து நிதானமாக, நிற்காமல். சட்டை நனைந்தது. மணல் நனைந்தது. உப்பு வாடை. கரி வாடை. யாரோ இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மந்திரி தட்டினார். அதனால் எல்லாரும் தட்டினார்கள். தண்ணீர் ஓடி வந்து மந்திரியின் செருப்பை நனைத்தது. கைதட்டு நின்றது.

ராமலெட்சுமி அலறினாளா? தெரியவில்லை. தங்கசாமிக்குக் காது அடைத்திருந்தது. ஓடினார். வழுக்கினார். எழுந்தார்.

"சேது! மூடு தாயி! வாய மூடு!"

அவள் கண் அவரைப் பார்த்தது. தெளிவாக. வாய் மூடவில்லை. மூச்சு வாங்கக்கூடத் தண்ணீர் நிற்கவில்லை.

மண்டியிட்டார். ஒரு கையால் பிடரியைப் பிடித்தார். மறு கையை வாயில் வைத்து அழுத்தினார். ஜில்லென்று விரலிடுக்கில் பீறியது. இன்னும் அழுத்தினார். முழு பலத்தோடு.

தண்ணீர் நின்றது.

நின்ற இடத்தில், அவருடைய உள்ளங்கையில், வாய்க்குள்ளே, அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ தட்டினார்கள்.

ஒரு தடவை. மெதுவாக.

பிறகு இன்னொருவர். பிறகு பல பேர், பல கைகளால், விடாமல்.